கிராண்டில் இல்லாத மலை

வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவை நோக்கிப் போகிறவர்களுக்குக் கம்பார் தாண்டியதும் நிலம் முகம் மாறும். தித்திவங்சா மலைத்தொடர் தூரத்தில் நீலமாகக் கிடக்க, சாலையை ஒட்டியே சுண்ணாம்புக் குன்றுகள் செங்குத்தாக எழும்பத் தொடங்கும். வெள்ளையும் சாம்பலும் செங்காவியும் வழிந்த பாறைச் சுவர். அதன் உச்சியிலும் இடுக்குகளிலும் காடு. காரில் இருப்பவர்கள் கைப்பேசியை உயர்த்துவார்கள். பிள்ளைகள் குவா தெம்புரோங் குகையின் பலகையை எழுத்துக்கூட்டிப் படிப்பார்கள். இரண்டு நிமிடத்தில் எல்லாம் பின்னால் போய்விடும். கோப்பேங்குக்கும் கம்பாருக்கும் இடையில் அப்படிப்பட்ட குன்று ஒன்றின் காலடியில் ஒரு ரப்பர் தோட்டம் இருந்தது. நான் அங்கே பிறந்தவன்.

ஊர் நினைப்பு வரும்போது எனக்கு வீடு கண்ணுக்குள் வருவதில்லை. லயத்து வீட்டில் ஏங்குவதற்கு அதிகம் ஒன்றுமில்லை. தகரக் கூரை, பலகைச் சுவர், பொதுக் குழாய், மழைக்காலத்தில் வாசல்வரை சேறு. அந்தக் காலத்தை இப்போது தேன் தடவிப் பேசுகிறவர்கள் அங்கே அம்மாக்கள் பட்ட பாட்டை மறந்துவிட்டார்கள். நான் ஏங்குவது தோட்டத்துக்குப் பின்னாலிருந்த மலைக்காக. ஒரு பாராங் கத்தியையும் சோற்றுப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு, யாரிடமும் சீட்டு வாங்காமல், பாதை இல்லாத இடத்தில் பகல் முழுக்கத் தனியாகத் திரிந்துவிட்டு வரலாம் என்றிருந்த அந்தக் காலத்துக்காக.

தனியாக என்ற சொல்லின் கனம் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். லயத்தில் தனிமையே கிடையாது. மூன்றாவது வீட்டுப் பெரியம்மா இருமினால் எங்கள் வீட்டில் கேட்கும். பால்மரக் காட்டுக்குள் போனாலும் ஒவ்வொரு நிரையிலும் ஓர் ஆள். அந்த ஆளுக்கு நம் தாத்தாவையும் தெரியும், நாம் பள்ளியில் வாங்கிய அடியும் தெரியும். மேட்டில் துரை பங்களா, அதற்குக் கீழே கிராணி வீடு, அதற்கும் கீழே லயம் என்று நிலத்திலேயே தகுதி எழுதியிருந்தது. மலையில் மட்டும்தான் அந்த எழுத்து இல்லை. அங்கே நான் யார் வீட்டுப் பையன் என்று கேட்பதற்கு ஆளில்லை.

பள்ளி விடுமுறை நாளிலும் விடிவதற்கு முன்பே, ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு மணி அடிக்கும். அப்பாவும் அம்மாவும் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கொசுவத்தி புகைய, உளியும் வாளியுமாகக் கிளம்புவார்கள். நானும் கூடவே கிளம்புவேன்.

"எங்கடா?" என்பாள் அம்மா.

"சும்மா, மலப்பக்கம்."

"தனியாவா? அந்தத் தொங்கு கல்லுக்கு அடியில உக்காராத. மழை இருட்டுச்சுன்னா திரும்பிடு. பொழுது சாயறதுக்குள்ள வீட்டுல இருக்கணும்."

வேண்டாம் என்று அவள் சொன்னதில்லை. வாழையிலையில் சோறும் நெத்திலிச் சம்பலும் கட்டியிருப்பாள். ஒரு போத்தல் வரக்கோப்பி. டார்ச் லைட், மெழுகுவத்தி, பிளாஸ்டிக்கில் சுற்றிய தீப்பெட்டி, அட்டைக்குப் பூசப் புகையிலையும் சுண்ணாம்பும். மலைக்குப் போகும் சாமான் அவ்வளவுதான்.

அப்பாவின் நிரை முடியும் இடத்தில் ஓர் ஓடை. அதைத் தாண்டினால் தோட்டத்தின் எல்லைக் கல். அதற்கப்பால் பழைய ஈய லம்பம்: வெண்மணல் திட்டும் பச்சை நிறக் குட்டைகளுமாகக் கிடக்கும் வெளி. கோப்பேங் வட்டாரத்தில் மலை ஆற்றுத் தண்ணீரைப் பெரிய இரும்புக் குழாய்களில் இறக்கி, அந்த வேகத்தில் மண்ணைக் கரைத்து ஈயம் எடுத்தார்கள். ஒரு காலத்தில் உலகத்துக்கே அதிகமாக ஈயம் கொடுத்த கிந்தா பள்ளத்தாக்கு இது. நான் போகும் நாட்களில் துலாங் தட்டில் ஈயம் அலசும் சீனப் பெண்கள் சிலர் முழங்கால் தண்ணீரில் குனிந்து நிற்பார்கள். மணல் முடிந்ததும் சீனர்களின் காய்கறித் தோட்டம். அங்கிருக்கும் சீனப் பெரியவர், அப்பேக், என்னைப் பார்த்ததும் தவறாமல் கேட்பார்: "மனா பெர்கி? சத்து ஓராங் சஜா?" எங்கே போகிறாய், ஒரே ஆளா? ஆமாம் என்று தலையாட்டுவேன். அந்தப் பக்கம் ஆள் யாரும் அதற்குப் பிறகு கிடையாது. எப்போதாவது பெத்தாய்க் காய்க் கட்டு ஒன்றைத் தோளில் போட்டுக்கொண்டு சந்தைக்கு இறங்கும் செமாய் பூர்வகுடிக்காரர் எதிரில் வருவார். அவர் கேள்வி எதுவும் கேட்க மாட்டார்.

பாதையில்லாக் காட்டில் நடக்க எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் எங்கள் லயத்து மாமா ஒருவர். வவ்வால் எரு அள்ளிக் காய்கறிக்காரர்களுக்கு விற்ற பழக்கத்தில் அந்த மலையை அறிந்தவர். அவர் சொன்ன முதல் விதி எளியது. "போறப்ப மலை வலக்கைப் பக்கம், வாரப்ப இடக்கைப் பக்கம். கிரிவலம்னு வச்சுக்க." சுண்ணாம்புக் குன்றுக்கு அது பொருந்தும். மற்ற மலைகளைப் போல அதற்குச் சரிவு இல்லை. சமவெளியிலிருந்து சுவராக எழும்புவதால் அடிவாரம் கோடு போட்டது போலத் தெளிவாக இருக்கும். அந்தக் கோட்டைக் கைவிடாதவரை தொலைந்துபோக முடியாது. பிரம்பு முள்ளும் நாணலும் மறிக்கும்போது விலகிப்போகலாம். பத்தடி போய்த் திரும்பவும் பாறையைத் தொட்டுவிட வேண்டும்.

இரண்டாவது விதி தண்ணீர். சுண்ணாம்பு மலையின் மேல் ஓடை கிடையாது. விழும் மழையெல்லாம் விரிசல்களில் இறங்கி, உள்ளே எங்கோ ஓடி, அடிவாரத்தில் ஊற்றாக வெளியே வரும். மேலே ஏறினால் நா வறண்டு சாக வேண்டியதுதான். குடிக்க வேண்டுமென்றால் கீழே வர வேண்டும். மேலே ஏறுவதும் லேசல்ல. மழை அரித்த பாறை விளிம்புகள் கையைக் கிழிக்கும். ஆகவே நான் உச்சிக்கு ஆசைப்பட்டதில்லை. அடிவாரமும், அங்கிருந்து இருபது முப்பதடி உயரத்தில் ஓடும் விளிம்புகளும், குகைகளுமே ஒரு நாளுக்குப் போதும்.

அந்தப் பாறைச் சுவரின் அடியைக் கூர்ந்து பார்த்தவர்கள் குறைவு. ஆளுயரத்துக்கோ அதற்கு மேலோ, நெடுக உள்வாங்கிய ஒரு பள்ளம் ஓடும். முன்னொரு காலத்தில் அந்த மட்டத்தில் ஆறோ சதுப்போ தேங்கி நின்று கல்லைக் கரைத்த தடம் அது. மழைநீர் காற்றிலும் மண்ணிலும் உள்ள கரியமில வாயுவை ஏற்று மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்பைத் தின்கிறது. தின்றதை வேறோரிடத்தில் சொட்டுச் சொட்டாகக் கக்கி விழுதாகவும் தூணாகவும் கட்டுகிறது. கிந்தா பள்ளத்தாக்கின் சுண்ணாம்புக் கல் கடலுக்கடியில் உருவானது. அதன் வயதை 25 கோடி முதல் 40 கோடி ஆண்டுகள் என்கிறார்கள். எனக்கு அப்போது இதெல்லாம் தெரியாது. அந்தப் பள்ளத்துக்குள் மழைக்கு ஒதுங்கலாம், சோற்றைப் பிரிக்கலாம் என்று மட்டும் தெரியும்.

குகை வாய் அருகில் வருவதைக் கண்ணுக்கு முன் கால்தான் அறியும். பகல் வெக்கையில் நடந்துகொண்டிருக்கும்போது கணுக்காலில் சில்லென்று காற்று படும். குகைக்குள் இருக்கும் காற்று குளிர்ந்தது, கனமானது; பகலில் அது தாழ்ந்த வாய்வழியாக வெளியே கசிந்துகொண்டே இருக்கும். அந்தக் குளிரைப் பிடித்துக்கொண்டு புதரை விலக்கிப் போனால் வாய் இருக்கும். சில வாய்களில் தவழ்ந்து நுழைய வேண்டும். சிலவற்றில் எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயிலை அப்படியே உள்ளே தூக்கி வைக்கலாம்.

வெளிச்சம் குறையும் ஓரத்தில், ஈரப் பாறையில் ஒற்றை இலையோடு ஒரு செடி முளைத்திருக்கும். ஆயுசுக்கும் அதற்கு அந்த ஓர் இலைதான். பெரிதாகிக்கொண்டே போகும், அதன் அடியிலிருந்தே பூக்கும். மோனோஃபில்லேயா என்று அதன் பேரை நான் அறிந்தது வெகுகாலம் கழித்து, கோலாலம்பூரில் ஒரு புத்தகத்தில் படம் பார்த்தபோது. அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எங்கள் மலையில் நான் போகும்போதெல்லாம் மிதிக்காமல் தாண்டிப்போன செடி அது.

உள்ளே போகப் போக வவ்வால் எருவின் காரநெடி. மாமாவின் குகை விதிகள் இங்கே தொடங்கும். ஒரு விளக்கை நம்பி வெளிச்சம் மறையும் இடத்தைத் தாண்டாதே. வழி இரண்டாகப் பிரிந்தால், வந்த வழியில் மூன்று கல்லை அடுக்கு. தண்ணீர் ஓடும் குகைக்குள் மழை நாளில் கால் வைக்காதே. வெளியே தூறல் என்றாலும் உள்ளே ஆறு பெருகும். மூச்சு முட்டினால் வீரம் பேசாமல் திரும்பு. இவற்றை மீறாதவரை குகை யாரையும் ஒன்றும் செய்யாது என்பார். கூரையில் கருங்கூட்டமாகத் தொங்கும் வவ்வால்களைப் பிடிக்கச் சுவரோடு ஒட்டி ஒரு நீளப் பாம்பு ஊர்ந்து ஏறும். அதற்கு என்மேல் அக்கறை இருந்ததில்லை.

அந்த வவ்வால்களில் தேன் குடிக்கும் சாதி ஒன்று உண்டு. அந்திக்குக் குகையை விட்டுக் கிளம்பி இரவெல்லாம் பல மைல் பறந்து பூக்களைத் தேடும். இரவில் மலரும் டுரியான் பூவுக்கும் பெத்தாய்ப் பூவுக்கும் மகரந்தம் சேர்ப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு. கோப்பேங் சந்தையில் டுரியானை மோந்து பார்த்து விலை பேசுகிறவர்கள், அந்தப் பழத்தில் பாதி வேலையைச் செய்தது சுண்ணாம்பு மலையின் இருட்டு என்று நினைத்துப் பார்த்திருப்பார்களா? குகையை உடைத்தால் டுரியான் மரம் தனியே நின்று பூத்துக் கொட்டும், அவ்வளவுதான்.

சில குகைகளின் சுவரில் கரியால் எழுதிய சீன எழுத்துகள் இருந்தன. ஈயத்தைத் தேடி மனிதர்கள் குகைக்குள்ளும் தோண்டியிருக்கிறார்கள். குவா தெம்புரோங்கிலேயே ஈயம் எடுத்ததுண்டு. உடைந்த கிண்ணம், துருப்பிடித்த மண்வெட்டித் தலை, அடுப்பாக அடுக்கிய மூன்று கல். இதே இருட்டில் இன்னொருவன் உட்கார்ந்து ஊரை நினைத்திருக்கிறான் என்று தோன்றும். அவன் ஊர் குவாங்துங்கில் எங்கோ. என் தாத்தா நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கியவர்.

மனிதர் தடம் அதற்கும் வெகு முந்தியது. ஈப்போவுக்கு அருகில் தம்புனில், பாறைச் சுவரின் உயரமான விளிம்பில், செங்காவியால் தீட்டிய நூற்றுக்கணக்கான ஓவியங்கள் உள்ளன: மான், தப்பிர், மனித உருவங்கள், கடற்பசு என்று சொல்லத்தக்க ஓர் உருவமும். 1959-இல் ரோந்து வந்த கூர்க்கா படையைச் சேர்ந்த ஓர் அதிகாரி கண்ணில் பட்ட பிறகே வெளியுலகம் அவற்றை அறிந்தது. வடக்கே லெங்கோங் பள்ளத்தாக்கில், 1991-இல், ஒரு குகையில் பத்தாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய மனித எலும்புக்கூடு முழுமையாகக் கிடைத்தது. பேராக் மனிதன் என்று அவனுக்குப் பெயர். 2012-இல் லெங்கோங் உலகப் பாரம்பரியத் தலமானது. பேராக்கில் மலையிடுக்கில் ஒதுங்குவது நான் கண்டுபிடித்த பழக்கமில்லை.

அந்தக் கூர்க்கா ரோந்து ஏன் காட்டில் சுற்றியது என்பதில்தான் எங்கள் கதையும் இருக்கிறது. 1948 ஜூன் 16-ஆம் தேதி சுங்கை சிப்புட்டில் வெள்ளைக்காரத் தோட்ட நிர்வாகிகள் மூன்று பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அவசரகாலம் பிறந்தது, 1960 வரை நீடித்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்ட் படைக்குச் சோறும் ஆளும் போய்ச் சேராமல் தடுக்க, 1950 முதல் பிரிக்ஸ் திட்டத்தில் சிதறிக் கிடந்த குடிகளை முள்வேலிக்குள் கொண்டுவந்தார்கள். சீனர்களுக்குப் புதுக்கிராமம், தோட்டத் தமிழர்களுக்கு ஒன்றாகக் குவித்து வேலியடித்த லயம். கடையில் வாங்கும் தகர டின்னை அங்கேயே துளை போட்டுத்தான் கொடுப்பார்கள், சேர்த்து வைத்துக் காட்டுக்கு அனுப்பக் கூடாதே என்று. மரம் வெட்டப் போகிறவர் கையில் சோற்றுப் பொட்டலம் இருந்தால் குற்றம்.

இதை என் பாட்டி ஒரு மழை நாளில் சொன்னார். அதுவரை எனக்குப் புரியாதிருந்த ஒன்று அப்போது புரிந்தது: அப்பா ஏன் மலைக்கு வந்ததே இல்லை என்பது. அவர் வாலிபனாக இருந்த வயதில், அம்மா எனக்குக் கட்டிக்கொடுத்த அதே சோற்றுப் பொட்டலத்தோடு எல்லைக் கல்லைத் தாண்டியிருந்தால், சுட்டிருப்பார்கள், இல்லாவிட்டால் சிறையில் போட்டிருப்பார்கள். வேலி போன பிறகும் அவர் கால் எல்லைக் கல்லோடு நின்றுவிட்டது. தடுக்கவும் இல்லை, கூட வரவும் இல்லை. "உள்ள என்னடா இருக்கு?" என்று சாயங்காலம் கேட்பார். சொல்வேன். உளியைத் தீட்டிக்கொண்டே கேட்டுக்கொண்டிருப்பார்.

அம்மாவின் பயம் வேறு. 1973 அக்டோபர் 18-ஆம் தேதி, ஈப்போ நகருக்குள்ளேயே இருக்கும் குனோங் செரோவில் பாறைச் சுவரின் ஒரு பெரும்பகுதி பெயர்ந்து, அடிவாரத்து நெடுவீடுகளின் மேல் விழுந்தது. சுமார் நாற்பது பேர் மாண்டார்கள். குனோங் செரோ என்ற பெயர் பேராக் தமிழர் யாருக்கும் அந்நியமில்லை. தைப்பூசத்துக்குக் காவடிகள் போய்ச் சேரும் கல்லுமலை சுப்பிரமணியர் கோயில் அந்த மலையின் அடியில்தான் இருக்கிறது. எங்கள் லயத்திலிருந்து வருடாவருடம் லாரி பிடித்துப் போன இடம். முருகன் காலடியிலேயே கல் விழுந்துவிட்டதே என்று அம்மா வாரக்கணக்கில் புலம்பினாள். தொங்கு கல்லுக்கு அடியில் உட்காராதே என்ற வாக்கியம் எங்கள் வீட்டுக்குள் வந்தது அந்த வருடம்தான். அது பொருளுள்ள எச்சரிக்கை. சுண்ணாம்புப் பாறை விரிசலோடு நிற்கும். அடியைத் தண்ணீர் அரித்துக்கொண்டே இருக்கும். எந்த நாளில் பெயரும் என்று யாரும் சொல்ல முடியாது.

ஆனாலும் உட்கார்ந்தேன். மதிய வேளைக்கு எனக்கென்று ஒரு விளிம்பு இருந்தது. அங்கிருந்து பார்த்தால் கீழே காய்கறிப் பாத்தி, லம்பத்துக் குட்டைகளின் பச்சை, அதற்கப்பால் நிரைநிரையாகப் பால்மரம், நடுவில் புகைக்கூண்டோடு பால் ஸ்டோர், ஒரு விரல் கனத்தில் லயம். அங்கிருந்து எந்த வீடு எங்களுடையது என்று சொல்ல முடியாது. கோடையில் இலை உதிர்ந்து புதுத்தளிர் விட்டிருக்கும்போது தோட்டம் முழுக்க வேறொரு நிறமாகும். காய் முற்றும் மாதங்களில் வெயிலேற ஏற ரப்பர் கொட்டைகள் வெடித்துச் சிதறும் சத்தம் அந்த உயரம்வரை வரும். உங்காக் குரங்குகள் காலையில் கூவி ஓய்ந்திருக்கும். இருவாட்சி ஒன்று சிறகடித்துப் போனால் அந்தக் காற்றொலி தலைக்கு மேல் கேட்கும். பாறையில் மலையாட்டின் புழுக்கை கிடக்கும்; ஆட்டை நான் ஒரே ஒரு தரம், அதுவும் முதுகை மட்டும் கண்டேன். சோற்றைத் தின்றுவிட்டு மல்லாந்து படுப்பேன். நாளைக்குப் பரீட்சை, மாதக் கடைசியில் கடைக்காரர் கணக்கு, அக்காள் கல்யாணம், எல்லாம் அந்த ஒரு விரல் கனத்துக்குள் இருந்தன.

நான்கு மணிக்கு மலை இடக்கைப் பக்கம் வரும். சட்டையில் வவ்வால் நாற்றம், காலில் அட்டைக் கடியின் ரத்தக் கோடு. பொதுக் குழாயில் முதலில் குளித்துவிட்டுத்தான் வீட்டுக்குள் காலடி வைக்கலாம்.

அந்த வாழ்க்கை எப்படி முடிந்தது என்பதைச் சுருக்கமாகவே சொல்லலாம். கேட்டுச் சலித்த கதைதான். 1877-இல் கோலகங்சாரில் ஹியூ லோ நட்ட கன்றுகளிலிருந்து ஆரம்பித்த ரப்பர், நூறு வருடம் கழித்து இடத்தைச் செம்பனைக்கு விட்டுக்கொடுத்தது. செம்பனைக்கு அத்தனை கை வேண்டியதில்லை. 1985-இல் ஈய விலை சரிந்தது, லம்பங்கள் மூடின. பிறகு சாலை வந்தது. 1994-இல் வடக்கு தெற்கு நெடுஞ்சாலை முழுவதும் திறந்தது. சாலை வந்த இடத்தில் நிலத்துக்கு விலை வந்தது. விலை வந்த நிலத்தில் தாமான் என்ற குடியிருப்பு வந்தது. எங்கள் தோட்டம் இரண்டு தரம் கைமாறி, மூன்றாவது கையில் வீடுகளாகிவிட்டது.

தோட்டம் துண்டாடப்பட்டு விற்கப்படும்போது தொழிலாளி தெருவில் நிற்பான் என்று முன்கூட்டியே கண்டவர்கள் இருந்தார்கள். சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளர்களே தோட்டத்தை வாங்கலாம் என்று ஊர் ஊராகப் போய்ச் சொன்னார். தோட்டங்கள் வாங்கவும் பட்டன. எல்லாத் தோட்டத்துக்கும் அந்த யோகம் வாய்க்கவில்லை. எங்களுடையதற்கும் வாய்க்கவில்லை.

எங்கள் தோட்டத்து இழப்பீட்டுக் கூட்டம் நடந்த நாள் நினைவிருக்கிறது. வேலை செய்த வருடத்துக்கு இவ்வளவு, வீட்டுக்கு இவ்வளவு என்று ஒரு கணக்கு. கோயிலை எங்கே மாற்றுவது, பள்ளியை என்ன செய்வது, சுடுகாட்டுக்கு வழி உண்டா என்று கேட்டார்கள். எல்லாம் நியாயமான கேள்விகள். சிலவற்றுக்குப் பதிலும் கிடைத்தது. மலையைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பது? அது எங்கள் கிராண்டில், அதாவது நிலப்பட்டாவில், இல்லை. எங்களுக்குக் கிராண்டே இல்லை. தோட்டத்தின் கிராண்டிலும் மலை இல்லை. எல்லைக் கல்லோடு அது முடிந்துவிட்டது. சொந்தமில்லாத ஒன்றை இழந்தவன் யாரிடம் போய் இழப்பீடு கேட்பான்?

இப்போது அடிவாரம் முழுக்க வேலி. ஒரு பக்கம் தாமானின் மதில், இன்னொரு பக்கம் கல்லுடைப்பு நடக்கும் நிலம், நுழையாதே என்ற சிவப்புப் பலகை. கிந்தாவின் சுண்ணாம்பு சிமெண்டாகிறது, பளிங்குப் பலகையாகிறது, தூளாகிச் சாயத்திலும் பிளாஸ்டிக்கிலும் பற்பசையிலும் சேர்கிறது. சிம்பாங் பூலாய்ப் பக்கம் பாதி வெட்டிய குன்றுகளை நெடுஞ்சாலையிலிருந்தே பார்க்கலாம். செமோருக்குப் பக்கத்திலுள்ள குனோங் கந்தானில் மட்டும், உலகில் வேறெங்கும் இல்லாத சிலந்தி ஒன்றும் பல்லி ஒன்றும் இருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். ஒவ்வொரு குன்றும் சமவெளி நடுவே ஒரு தீவு. அதில் பிழைத்த உயிருக்குப் பக்கத்துக் குன்றுக்குப் போக வழியில்லை. குன்று போனால் அந்த உயிரும் போகும்.

நல்லதும் நடந்திருக்கிறது. 2018-இல் கிந்தா பள்ளத்தாக்கு தேசியப் புவிப்பூங்காவாக அறிவிக்கப்பட்டது. குவா தெம்புரோங்கில் விளக்கும் படிக்கட்டும் வழிகாட்டியும் உண்டு. சீட்டு வாங்கிப் பிள்ளைகள் உள்ளே போய்ப் பார்க்கிறார்கள். பாதுகாக்கப்பட்ட காட்டில் ஏறுவதற்கு வன இலாகா அனுமதி வேண்டும், பதிவு பெற்ற வழிகாட்டி வேண்டும் என்கிறார்கள். காட்டில் தொலைந்தவர்களைத் தேடி ஆட்கள் அலைவதைச் செய்தியில் பார்க்கிறோம். அந்த விதிகளைக் குறைசொல்ல மாட்டேன். என் மகன் மலையேறும் குழு ஒன்றில் இருக்கிறான். நல்ல சப்பாத்து, திசை காட்டும் கைப்பேசி, முதலுதவிப் பெட்டி, வரிசையாக நடக்கும் பதினைந்து பேர். அவன் உச்சிகளைக் கணக்கு வைத்திருக்கிறான். நான் திரிந்த அளவுக்கு அவனைத் தனியாக விடுவேனா என்று மனைவி கேட்டபோது, விட மாட்டேன் என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு எப்படி மனம் வந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன். அவளுக்கு அந்த மலை அயலிடமாகத் தோன்றியிருக்காது. கொல்லைப்புறத்தின் நீட்சியாகத்தான் தோன்றியிருக்கும்.

வயதான பிறகு ஒன்று தெளிவாகத் தெரிகிறது. நான் அனுபவித்த அந்தச் சுதந்திரம் தோட்டத் தமிழனுக்குக் காலம்காலமாக இருந்ததில்லை. தாத்தாவுக்குக் கங்காணியின் கண். அப்பாவுக்கு அவசரகால முள்வேலி. என் பிள்ளைகளுக்குத் தாமான் மதில். நடுவில் ஒரு முப்பது வருடம், ஒரு வேலி விழுந்து அடுத்த வேலி எழும்புவதற்குள், ஒரே ஒரு தலைமுறைக்கு எல்லைக் கல்லைத் தாண்டிப் போகக் கிடைத்தது. அந்தத் தலைமுறையில் நான் பிறந்தேன் என்பதைத் தவிர என் சாமர்த்தியம் அதில் எதுவுமில்லை. சம்பளம் குறைவு, கூரை ஒழுகும், பள்ளிக்கு மூன்று மைல் நடை. ஆனால் பின்வாசலைத் திறந்தால் 25 கோடி வருடத்து மலை. இன்று சம்பளமும் கூரையும் பரவாயில்லை. பின்வாசலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர்.

பேராக்கில் தோட்டங்கள் இன்னும் கைமாறிக்கொண்டுதான் இருக்கின்றன. ஒவ்வொரு தரமும் நம்மவர்கள் வீடு, கோயில், பள்ளி, சுடுகாடு என்று நான்கைக் கேட்கிறார்கள். பேச்சுவார்த்தை மேசையில் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஐந்தாவதாக ஒரு வரி சேர்த்துக்கொள்ளுங்கள்: தோட்டத்துக்குப் பின்னாலிருக்கும் மலைக்கோ ஆற்றுக்கோ போகிற ஒற்றையடிப் பாதை, பத்தடி அகலத்துக்கு, பொதுவழியாக, கிராண்டில் எழுதி. பணமாகக் கொடுத்தது செலவாகிவிடும். பாதை இருந்தால் பிள்ளைகள் நடந்து போவார்கள்.